அடைபட்ட மடங்களைப் பற்றி நாம் செய்யும் தவறுகள்

கார்மேல், கிளாரா போன்ற கத்தோலிக்கத் துறவறச் சபைகளின் அடைபட்ட மடங்களில், அதாவது வெளியே போகாமல் செபத்துக்கென்றே வாழும் மடங்களில், இருக்கும் சகோதரிகளைப் பற்றிப் பேச்சு வந்தாலே, "உலகம் வெறுத்து உள்ளே போய்விட்டார்கள்" என்று முடித்துவிடுகிறோம். மற்ற தவறுகளுக்கெல்லாம் தாய் இந்த நினைப்புதான்.

மனிதர்களிடமிருந்து தப்பிக்க நினைப்பவர்களுக்கு இதைவிடக் கடினமான இடம் கிடையாது. ஸ்பெயின் நாட்டுக் கார்மேல் துறவியான அவிலா நகர்ப் புனித தெரேசா 1562இல் புனித சூசையப்பர் மடத்தைத் தொடங்கியபோது 13 பேர் போதும் என்றுதான் எண்ணினார். பிறகு கார்மேல் மடங்களில் 21 பேர்வரை என்று ஆனது. செபத்திலும் சாப்பாட்டிலும் வேலையிலும் ஆயுள் முழுக்க அதே முகங்கள். அனுசரித்துப் போகத் தெரியாதவர் அங்கே நிலைக்க முடியாது.

அதனால்தான் யாரையும் அவசரப்பட்டுச் சேர்ப்பதில்லை. வத்திக்கான் 2018இல் வெளியிட்ட விதிமுறைப்படி, இறுதி வார்த்தைப்பாட்டுக்கு (ஆயுள் முழுக்கத் துறவியாக வாழ்வதாகத் தரும் வாக்குக்கு) முந்தைய பயிற்சி 9 முதல் 12 ஆண்டுகள். அதில் நவதுறவு எனும் தொடக்கப் பயிற்சிக் காலம் 2 ஆண்டு, தற்காலிக வார்த்தைப்பாட்டில் குறைந்தது 5 ஆண்டு. மனம் உடைந்த பெண்ணை "கொஞ்ச நாள் மடத்தில் இருந்தால் சரியாகிவிடும்" என்று அனுப்பிவைப்பதும் தவறு. உள்ளே போன அன்றே கதவு பூட்டப்பட்டுவிடும் என்று பெற்றோர் பயப்படுவதும் தவறு. தற்காலிக வார்த்தைப்பாட்டுக் காலம் முடிந்ததும் அவர் தாராளமாக வெளியேறலாம். அடைப்பு என்பது சிறையும் அல்ல: மருத்துவம், வாக்களிப்பது போன்ற தேவைகளுக்கு அனுமதியோடு வெளியே வருகிறார்கள்.

நாள் முழுக்க முழங்காலில் இருப்பார்கள், வேலையே இருக்காது என்பது இன்னொரு நினைப்பு. குறித்த நேரங்களில் சேர்ந்து சொல்லும் திருப்புகழ்மாலை என்ற செபம் அவர்கள் நாளைப் பல கூறுகளாகப் பிரிக்கிறது. கார்மேலில் காலையும் மாலையும் ஒவ்வொரு மணி நேரம் மௌன தியானம். இடையில் சமையல், துவைப்பது, தோட்டம், நோயுற்ற மூத்த சகோதரியைக் கவனிப்பது, பிழைப்புக்கான வேலை. பல மடங்களில் திருப்பலிக்கான அப்பம் செய்கிறார்கள். கோதுமை மாவும் தண்ணீரும் மட்டும். சூடான இரும்புத் தகடுகளுக்கு நடுவே ஊற்றிச் சுட்டால் மெல்லிய தாள் போல வரும். அதை அப்படியே வெட்டினால் நொறுங்கிவிடும். ஈரக்காற்றில் வைத்து, பதமான பிறகே வட்டமாக வெட்ட வேண்டும். பொறுமை கேட்கிற வேலை இது. ஆனாலும் மணி அடித்துவிட்டால் கையில் இருப்பதை வைத்துவிட்டுச் செபத்துக்குப் போக வேண்டும். அந்த வாழ்க்கையின் உண்மையான தவம் இங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

பேசவே மாட்டார்கள் என்பதும் சரியல்ல. அவிலா தெரேசா தன் மடங்களில் தினமும் இருமுறை கூடிப் பேசிச் சிரிக்க நேரம் ஒதுக்கினார். மற்ற நேரத்து மௌனமும் தேவையற்ற பேச்சுக்கு மட்டும்தான் தடை.

என்னை உண்மையிலேயே வருத்துவது, "பள்ளியிலோ மருத்துவமனையிலோ சேவை செய்தால் நாலு பேருக்குப் பிரயோசனமாக இருக்குமே" என்ற பேச்சு. அந்தச் சேவைக்கென்றே வேறு சபைகள் இருக்கின்றன. இன்னொரு தெரேசாவான குழந்தை இயேசுவின் புனித தெரேசா 1888இல், 15 வயதில், பிரான்சின் லிசியே நகரக் கார்மேலில் நுழைந்தார். 1897இல் அங்கேயே இறந்தார். மறைப்பணிக்கென்று, அதாவது நற்செய்தியைப் பரப்பவென்று, எந்த நாட்டுக்கும் போகாத அவரை, கடல் கடந்து உழைத்த புனித சவேரியாருக்கு இணையாக, மறைப்பணிகளின் பாதுகாவலராகத் திருச்சபை 1927இல் அறிவித்தது. செபத்தை ஒரு பணியாகத் திருச்சபை எந்த அளவுக்கு மதிக்கிறது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

மடத்துக்குப் போகிறவர்கள் செபநேரத்தை விசாரித்துவிட்டுப் போங்கள். அந்த நேரத்தில் வாசல் மணியை அடித்துக்கொண்டு நிற்காதீர்கள். பார்வையாளர் அறையின் கிராதிக்கு (கம்பித் தடுப்புக்கு) பின்னால் இருப்பவரைக் காட்சிப்பொருள் போலப் படம் எடுக்காதீர்கள். செபம் கேட்கத் தயங்கவும் வேண்டாம். எதற்காகச் செபிக்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் போதும், நீண்ட விளக்கம் தேவையில்லை. பிறகு காரியம் என்ன ஆயிற்று என்று ஒரு வார்த்தை தெரிவியுங்கள். பெரும்பாலோர் இதைத்தான் மறந்துவிடுகிறார்கள். உள்ளே அவர்கள் தொடர்ந்து செபித்துக்கொண்டிருப்பார்கள்.