ஐந்தாவது சனிக்கிழமைப் பணம்

திருப்பூரில் சம்பளம் சனிக்கிழமை. வீட்டு வாடகை மாதம் ஐந்தாம் தேதி. பதினெட்டு ஆண்டுகளாகப் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மெஷினில் உட்காருகிறேன். என் கணவர் கட்டிங் மேஜையில் நிற்கிறார். இருவர் சம்பாதித்தும் முதல் ஒன்பது ஆண்டுகள் கையில் ஒன்றும் தங்கவில்லை. வாரச் சம்பளத்தை வைத்து மாதச் செலவை எப்படிச் சமாளிப்பது என்று எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. வாரக் கூலி வாங்கும் உங்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் மாதத்துக்கு ஒருமுறை வரும் செலவுகளை மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள். எங்கள் வீட்டில் வாடகை 5,600, பால் 1,200, சிலிண்டருக்கும் கரண்டுக்கும் சேர்த்து 1,200. கரண்டுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் பில் வரும். பாதிப் பாதியாகப் பிரித்து எழுதிக்கொள்ளுங்கள். மொத்தம் 8,000. இதை நான்கால் வகுத்தால் வாரத்துக்கு 2,000. இந்த 2,000 உங்கள் பணமே இல்லை என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை ஒன்றரை ஷிப்ட் முடிந்து வீடு வர ஒன்பது மணி ஆகிவிடும். தலைமுடியில் ஒட்டிய பஞ்சைக்கூடத் தட்டாமல், பாயை விரித்து இருவர் சம்பளத்தையும் அதில் கொட்டுவேன். முதல் நான்கு ஐந்நூறு ரூபாய்த் தாள்கள் பழைய சத்துமாவு டப்பாவுக்குள் போகும். அடுத்து மளிகைக்கு ஒரு டப்பா, கறிக்கும் காய்க்கும் ஒரு டப்பா. மூடிகளின் மேல் என் மகள் ஸ்கெட்ச் பேனாவால் எழுதி வைத்திருக்கிறாள். இதைச் சனிக்கிழமை இரவே செய்துவிட வேண்டும். ஞாயிறு காலைக்குத் தள்ளினால் கறிக்கடைக்குப் போகும்போதே இரண்டு தாள் உடைந்துவிடும். உடைந்த தாள் திரும்பி வராது.

சம்பளம் வங்கிக் கணக்கில் வந்தாலும் வழி இதுதான். செல்போனில் பணம் கட்டும் கணக்கில் ஐந்நூறு ரூபாய்க்கு மேல் வைக்காதீர்கள். டீ, வடை, பஜ்ஜி என்று இருபது இருபதாக ஸ்கேன் செய்யும்போது கை கூசுவதில்லை.

ஞாயிற்றுக்கிழமைக் கறியை மட்டும் நிறுத்தச் சொல்ல மாட்டேன். ஆறு நாள் நின்றும் உட்கார்ந்தும் உழைத்த உடம்புக்கு அது வேண்டும். ஒரு தொகை வைத்து அதற்குள் வாங்குங்கள், போதும். பிடிக்க வேண்டியது சில்லறை மளிகையை. பத்து ரூபாய்ப் பருப்பு, இருபது ரூபாய் எண்ணெய் என்று தினமும் வாங்கினால் கிலோ விலைக்கு மேலேதான் கொடுக்கிறோம். ரேஷனில் துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் 25 ரூபாய். வேலை நாளில் போனால் அரை ஷிப்ட் கூலி போய்விடுமே என்று நானும் பல மாதம் விட்டிருக்கிறேன். மாதத்தின் முதல் இரண்டு ஞாயிறுகளில் கடை திறந்திருக்கும். அன்றைக்குப் போய் வரிசையில் நின்றுவிடுங்கள்.

வார வட்டிக்கு வாங்காதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன். மகளுக்குக் காய்ச்சல் வந்தபோது பத்தாயிரம் என்று எழுதி 8,500 கையில் கொடுத்தார்கள். வாரம் ஆயிரம், பத்து வாரம். அந்தப் பத்து வாரமும் வாடகைப் பணத்திலிருந்துதான் கட்டினேன். வாடகைக்காக இன்னொருவரிடம் வாங்கினேன். அதிலிருந்து வெளியே வர ஒன்றரை ஆண்டு ஆனது.

வெளியே கொண்டுவந்தது ஐந்தாவது சனிக்கிழமைதான். ஆண்டுக்கு 52 வாரம். மாதத்துக்கு நான்கு என்றால் 48 தான் வருகிறது. ஆகவே நான்கு மாதங்களில் ஐந்து சனிக்கிழமை வந்தே தீரும். அந்த ஐந்தாவது வாரத்தில் டப்பாவில் போட வேண்டிய 2,000 ரூபாய்க்கு வேலையே இல்லை, அந்த மாத வாடகை ஏற்கெனவே சேர்ந்திருக்கும். இது தெரியாமல் ஒன்பது ஆண்டுகள் அந்த வாரங்களில் துணி எடுத்தோம், சினிமாவுக்குப் போனோம். தெரிந்த பிறகு முதலில் கடனுக்குக் கொடுத்தோம். கடன் தீர்ந்ததும் தபால் நிலையத்தில் ஆர்.டி., அதாவது மாதாமாதம் கட்டும் சேமிப்புக் கணக்கு, தொடங்கினோம். மாதம் 100 ரூபாயிலிருந்தே கட்டலாம், ஐந்து ஆண்டுத் திட்டம். பன்னிரண்டு தவணை கட்டிய பிறகு, அவசரம் என்றால் கட்டிய பணத்தில் பாதி வரை கடனாக எடுக்கலாம். வார வட்டிக்காரரின் வாசலுக்குப் போகாமல் எங்களைத் தடுத்தது அதுதான்.

2026இல் அந்தச் சனிக்கிழமைகள் ஜனவரி 31, மே 30, ஆகஸ்ட் 29, அக்டோபர் 31. மே மாதத்தது பள்ளி திறப்பதற்கு முன்னால் வருகிறது. நோட்டுக்கும் சீருடைக்கும் ஆகும். அக்டோபர் மாதத்தது தீபாவளிக்கு எட்டு நாள் முன்னால். காலண்டரில் இந்த நான்கையும் சிவப்பு மையில் வட்டமிட்டுவிட்டேன்.