நடை மட்டும் போதாது: மூளைக்கும் சேர்த்து ஒரு பயிற்சி

பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்துக்கு விடிவதற்குள் நடக்க வந்துவிடுகிறவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் நம்மில் பலர் வருடக்கணக்கில் ஒரே திசையில், ஒரே வேகத்தில், காதில் போனோடு சுற்றுகிறோம். இதயத்துக்கு அது நல்லதுதான். மூளைக்கோ அந்தப் பாதை மனப்பாடம். பழகிய அசைவை அது அதிகம் கவனிக்காமலே நடத்திவிடும். புதிய அசைவு வந்தால்தான் கண், உடலின் சமநிலையை உணரும் உட்காது, மூட்டு, தசை எல்லாம் அனுப்பும் தகவல்களைச் சேர்த்துப் பார்க்கும் வேலை அதற்கு வருகிறது.

உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட பரிந்துரையில், பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பும், இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும் வேண்டும் என்கிறது. 65 வயதைத் தாண்டியவர்களுக்கு வாரம் மூன்று நாளாவது உடலின் சமநிலையைக் காக்கும் பயிற்சியும் உண்டு. நாம் முதல் வரியோடு நின்றுவிடுகிறோம்.

முழங்கால் அறுவைச் சிகிச்சை செய்தவர்கள், அடிக்கடி தலைசுற்றல் வருகிறவர்கள், இதய நோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்கவும்.

படி 1: நடையைக் கலைத்துப் போடுங்கள்

நடையை விட வேண்டாம். அமெரிக்காவில் 120 முதியவர்களை வைத்துச் செய்து 2011இல் வெளியான ஆய்வில், ஓராண்டு ஒழுங்காக நடந்தவர்களுக்கு நினைவாற்றலுக்கு முக்கியமான ஹிப்போகேம்பஸ் என்ற பகுதி சுமார் 2 சதவீதம் பெரிதாகியிருந்தது. ஆனால் நீங்கள் நடக்கும் அரை மணி நேரத்தில் ஐந்து நிமிடம் மெதுவாக, மூன்று நிமிடம் வேகமாக என்று மாற்றி மாற்றி நடங்கள். வேகம் என்றால் பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. மறுநாள் எதிர்த் திசையில் சுற்றுங்கள். போன் வீட்டில் இருக்கட்டும்.

கடைசி ஐந்து நிமிடம் செருப்பைக் கழற்றிவிட்டுச் சுத்தமான மண்ணில் நடக்கலாம். குதிகால் படுகிறது, வெளி ஓரம் படுகிறது, பெருவிரல் தள்ளுகிறது என்று பாதத்தைக் கவனியுங்கள். சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்களுக்கு இது கூடவே கூடாது. தாமிரபரணிப் படித்துறையின் பாசி படிந்த படிகளும் யாருக்கும் வேண்டாம்.

படி 2: ஒற்றைக்கால்

இதற்கு மட்டும் பொறுமையாக நேரம் கொடுங்கள். சுவருக்கு ஒரு முழம் தள்ளி, வெறுங்காலோடு நில்லுங்கள். ஒரு காலை ஒரு சாண் தூக்குங்கள். தரையில் இருக்கும் காலின் கணுக்காலைக் குனியாமல் பாருங்கள்: தோலுக்கு அடியில் தசைநாண்கள் எழும்பி அடங்கும், விரல்கள் தரையைப் பற்றிப் பற்றி விடும். அந்த நடுக்கம் பலவீனம் அல்ல. நீங்கள் சாயும் ஒவ்வொரு கணமும் மூளை திருத்தம் அனுப்புகிறது, அவ்வளவுதான். பத்து நொடி நின்றதும் கால் மாற்றுங்கள்.

சில நாளில் இது எளிதாகிவிடும். அப்போது நிற்கும்போதே தலையை மெல்ல இடமும் வலமும் திருப்புங்கள். உட்காதுக்கு வேலை வரும். அதுவும் பழகியபின், தாமிரபரணிக் கரை ஊர்களைக் கடலிலிருந்து மேல்நோக்கிச் சொல்லிக்கொண்டே நில்லுங்கள்: புன்னைக்காயல், ஆத்தூர், ஏரல், ஸ்ரீவைகுண்டம், திருநெல்வேலி, சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம், பாபநாசம். ஏரல் வருவதற்குள் கால் ஆடும். யோசிப்பதும் நிற்பதும் ஒரே கவனத்துக்குப் போட்டி போடுவதால் அப்படி. சுவர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் என்பது இதற்காகத்தான்.

படி 3: தரையில் உட்கார்ந்து எழுந்திருங்கள்

சோபா வந்த வீடுகளில் தரையில் உட்காருவதே நின்றுபோயிற்று. பத்தமடைப் பாயோ பிளாஸ்டிக் பாயோ, விரித்துச் சம்மணமிட்டு உட்காருங்கள். முதலில் இரண்டு கையும் ஊன்றி எழுந்திருங்கள், பிறகு ஒரு கை. தொடையும் இடுப்பும் வலுப்பட்டபின் கையில்லாமல் முயலலாம். ஐந்து முறை போதும். முழங்கால் வலித்தால் நாற்காலியிலிருந்து எழுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வாசலில் கோலம் போடுகிறவர்களுக்குத் தனிப் பயிற்சியே தேவையில்லை. குத்த வைத்து நகர்ந்துகொண்டே புள்ளியை எண்ணிச் சிக்குக்கோலம் இழுப்பதில் இடுப்பு, கை, கண், நினைவு எல்லாம் சேர்ந்து உழைக்கின்றன. வீட்டு ஆண்களும் ஒரு நாள் மாவை எடுத்துப் பார்க்கலாம். ஏழு புள்ளிக்கே மூச்சு வாங்கும்.

படி 4: தட்டாங்கல், அதுவும் இடக்கையால்

ஒரு கல்லை மேலே போட்டு, அது இறங்குவதற்குள் கீழே இருப்பதை அள்ளிக்கொண்டு பிடிப்பது. சின்னப் பிள்ளைகள் விளையாட்டு என்று ஒதுக்காதீர்கள். ஜெர்மனியில் மூன்று மாதம் மூன்று பந்துகளை மாற்றி மாற்றி வீசிப் பிடிக்கக் கற்றவர்களை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். நகரும் பொருளைக் கவனிக்கும் மூளைப் பகுதி பருத்திருந்தது, பயிற்சியை விட்டபின் மீண்டும் குறைந்தது. 2004இல் வந்த ஆய்வு அது. வலக்கைக்காரர்கள் இடக்கையால் ஆடிப் பாருங்கள், கல் நழுவிக்கொண்டே இருக்கும். நழுவாமல் வரத் தொடங்கியதும் கல்லின் எண்ணிக்கையைக் கூட்டுங்கள்.

படி 5: கம்பு

மேற்சொன்னவை பழகியபின் சிலம்பத்துக்கு வாருங்கள். கால் வைப்பு, மணிக்கட்டுச் சுழற்சி, எதிராளியைப் பார்க்கும் கண் மூன்றும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டிய கலை. ஆசானிடம் நேரில்தான் கற்க வேண்டும், வீடியோ பார்த்து வேண்டாம். பக்கத்தில் ஆசான் இல்லாவிட்டால் நான்கு பேர் சேர்ந்து கோலாட்டம் அடியுங்கள். தாளம் தப்பினால் எதிரில் நிற்பவரின் விரலில் அடி விழும், அதனால் கவனம் தானாக வரும்.

ஐந்தையும் ஒரே நாளில் செய்ய வேண்டாம். நடை தினமும், ஒற்றைக்கால் பல் துலக்கியதும், மற்றவை ஒன்றுவிட்டு ஒரு நாள். சித்திரை, வைகாசி வெயிலில் ஏழு மணிக்குள் முடித்துவிடுங்கள்.