நீரோடி முதல் குளச்சல் வரை: சாகர் கவச் ஒத்திகையில் வள்ளக்காரர் செய்யவேண்டியது

2008 மும்பைத் தாக்குதலில் கடல்வழியே வந்தவர்கள் பிடித்தது ஒரு மீன்பிடிப் படகைத்தான். அதனால் கடலோரப் பாதுகாப்பைச் சோதிக்கும் சாகர் கவச் ஒத்திகையிலும் ஊடுருவும் அணி நம் வள்ளம் போன்ற ஒன்றில், டம்மி குண்டோடு, சாதாரண உடையில் வரும். அவர்களை மடக்கவேண்டியது போலீசும் கடலோரக் காவல்படையும் உள்ள காக்கும் அணி.

அடையாள அட்டை அசல், வள்ளப் பதிவு நகல் இரண்டையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள். நிறுத்தச் சொன்னால் எஞ்சினைத் தணித்து, கை தெரிய நில்லுங்கள். பயந்து எல்லை தாண்டிக் கேரளத்தின் பொழியூர்ப் பக்கம் திருப்பினால் கேரளப் போலீசும் துரத்தும். பாதி நாள் போய்விடும்.

சந்தேகப் படகை எப்படி அறிவது? வலையைப் பாருங்கள். தொழிலுக்குப் போய்த் திரும்பும் வள்ளத்தில் வலை நனைந்து, செதில் ஒட்டியிருக்கும். காய்ந்த வலை, மீனில்லாத பெட்டி, கூப்பிட்டால் முகம் திருப்பும் ஆட்கள் என்றால் கடலோரப் போலீசின் 1093-க்கு அடியுங்கள். கடலோரக் காவல்படைக்கு 1554.

பெரும்பாலும் சொதப்புவது தகவலில்தான். “அங்க ஒரு போட்டு” என்றால் யாரும் தேடமுடியாது. தேங்காய்பட்டணம் துறைமுகத்திலிருந்து எத்தனை கடல் மைல், எந்தத் திசை, ஆள் எத்தனை, பதிவு எண் ஐஎன்டி-டிஎன்னா (தமிழ்நாடு) ஐஎன்டி-கேஎல்லா (கேரளம்) என்று சொல்லுங்கள். ஜிபிஎஸ் இருந்தால் அந்த எண்ணே போதும். கிட்டே போய் மறிக்காதீர்கள், படத்தை வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். ஒத்திகைதானே என்று விடவும் கூடாது. அது நிஜமா என்று பார்ப்பது போலீஸ் வேலை.