வெயில் படாத மூலைக்கு ஒரு வெற்றிலைக்கொடி

வடக்குப் பார்த்த பால்கனி, இரண்டு சுவருக்கு நடுவில் ஒரு சந்து, மாமரத்தடி. இப்படி வெயில் எட்டாத இடம்தான் இருக்கிறது என்றால் ரோஜாவோடு மல்லுக்கட்டாமல் வெற்றிலை வையுங்கள். சோழவந்தானிலும் தூத்துக்குடி மாவட்டத்து ஆத்தூரிலும் (இரண்டு ஊர் வெற்றிலைக்கும் 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது) வெற்றிலைத் தோட்டமான கொடிக்காலில் முதலில் அகத்தியை வளர்த்து, அந்த நிழலில்தான் கொடியை ஏற்றுவார்கள். உச்சி வெயில் நேரே பட்டால் இலை வெளுத்துச் சிறுத்துவிடும். அதற்காக இருட்டிலும் வைக்கக் கூடாது. பகலில் விளக்குப் போடாமல் பேப்பர் படிக்க முடிகிற இடமாக இருக்கட்டும்.

ரகத்தில் என் ஓட்டு கம்மாறு வெற்றிலைக்கு. கருத்த இலை, நல்ல காரம். கசக்கி முகர்ந்தால் லேசாகக் கிராம்பு வாசம் வரும். வெற்றிலை, கிராம்பு இரண்டிலும் யூஜெனால் என்ற வாசனைப் பொருள் இருக்கிறது. காரம் குறைந்த மெல்லிய இலைதான் வேண்டும் என்பவர்கள் கற்பூர வெற்றிலை வைக்கலாம்.

1. கொடித்துண்டு
கடையில் வாங்கிய வெற்றிலையின் காம்பைத் தண்ணீரில் போட்டால் சில சமயம் வேர்கூட விடும். அத்தோடு சரி. தளிர் கிளம்புவது கணுவில் உள்ள மொட்டிலிருந்து. வெறும் காம்பில் மொட்டு கிடையாது. தெரிந்தவர் வீட்டில் மூன்று நான்கு கணு உள்ள துண்டாக வெட்டி வாங்குங்கள். இரண்டு கணு மண்ணுக்குள், மிச்சம் வெளியே.

2. மண்
செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒன்று, மக்கிய தொழுவுரம் ஒன்று. கோகோபீட்டை (தேங்காய்நார்த் தூள்) அள்ளிக் கொட்டாதீர்கள், நிழலில் அது காயவே காயாது. தொட்டியும் மண் தொட்டிதான் நல்லது. அடியில் தட்டு வேண்டாம்.

3. தண்ணீர்
பெரும்பாலான கொடிகள் சாவது இங்கேதான். மேல்மண் காய்ந்தது போலத் தெரியும், அடியில் சொதசொதவென்று இருக்கும். விரலை அதன் இரண்டாவது மடிப்பு வரை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் ஒட்டினால் அன்றைக்குத் தண்ணீர் கிடையாது. இலை தொங்கினால் தாகம் என்று நினைத்து இன்னும் ஒரு குவளை ஊற்றுவார்கள். மண்ணில் ஈரம் இருந்தும் இலை தொங்குகிறது என்றால் அது அடியழுகல். தண்டின் அடி கறுத்து, அழுத்தினால் நசுங்கும். அந்தச் செடியைக் காப்பாற்றப் பார்க்காதீர்கள். மேலே பச்சையாக இருக்கும் கணுக்களை வெட்டிப் புதுத் தொட்டியில், புது மண்ணில் வையுங்கள். பழைய மண்ணில் பூஞ்சணம் அப்படியே இருக்கும், அதில் திரும்ப வெற்றிலை வைக்க வேண்டாம்.

4. பற்று
ஒவ்வொரு கணுவிலும் பற்றுவேர் விடும். பிவிசி குழாய் வழுக்கும். சொரசொரப்பான பலகை, பூசாத செங்கல் சுவர், தேங்காய்நார்க் கயிறு சுற்றிய கம்பு, எதுவானாலும் சரி. கட்டுவதற்கு வாழைநார்தான்; நைலான் கயிறு தண்டை அறுத்துவிடும்.

5. இறக்கிக் கட்டுதல்
கொடி உச்சிக்குப் போனதும் அடிப்பக்கம் மொட்டையாகிவிடும். அப்போது கொடியை மெதுவாக இறக்கி, அடித்தண்டை வளையமாகத் தொட்டியில் சுருட்டி, கணுக்கள் மூடும்படி மண் போட்டு, நுனியைத் திரும்ப ஏற்றிவிடுங்கள். மூடிய கணுக்களில் புது வேர் பிடித்துக் கொடி மறுபடி துளிர்க்கும். கொடிக்காலிலும் இப்படித்தான் பல வருடம் ஓட்டுகிறார்கள்.

பின்சேர்க்கை: "இலை சின்னச் சின்னதாகவே வருகிறது" என்று சிலர் எழுதியிருந்தீர்கள். அனுப்பிய படங்களில் கொடி தொங்கிக்கொண்டோ தரையில் ஓடிக்கொண்டோ இருக்கிறது. உரத்தைக் கூட்டாமல், முதலில் ஏற்றிக் கட்டுங்கள். இலையடியில் வெள்ளையாகப் பஞ்சு ஒட்டியிருந்தால் மாவுப்பூச்சி. ஈரத்துணியால் துடைத்துவிட்டு, ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், இரண்டு சொட்டு சோப்புக் கரைசல் கலந்து மாலையில் தெளியுங்கள். தெளித்த இலையை உடனே பறித்து மெல்லாதீர்கள், கசப்பு ஒரு வாரம் நிற்கும்.