எல்லாவற்றையும் பம்பின் தலையில் கட்டாதீர்கள்: முதலாண்டு உடலியங்கியலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாகர்கோவில் சுற்றுவட்டாரத்தில் நர்சிங், பிசியோதெரபி, லேப் டெக்னீசியன் என்று எதில் சேர்ந்தாலும் முதல் வருடம் உடலியங்கியல் உண்டு. செல் சவ்வில் தொடங்கி நரம்பு, தசை வரை போகும் பகுதியில்தான் பிள்ளைகள் அதிகம் தடுமாறுகிறார்கள். காரணம் தெரியாத இடத்திலெல்லாம் "சோடியம்-பொட்டாசியம் பம்ப்" (சோடியத்தைச் செல்லுக்கு வெளியேயும் பொட்டாசியத்தை உள்ளேயும் இறைக்கும் சவ்வுப் புரதம்) என்று எழுதிவிடுகிறார்கள். பாவம் அந்தப் பம்ப், செய்யாத வேலைக்கெல்லாம் பேர் வாங்குகிறது.

முதலில் தண்ணீர். செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியைச் செலவழித்துத் தண்ணீரை நேரடியாக இறைக்கும் பம்ப் நம் செல்களில் கிடையாது. மீனில் உப்பு தேய்த்துக் கருவாடு போடும்போது நீர் வடிகிறதே, அந்தச் சவ்வூடு பரவல்தான் இங்கேயும். இதில் பலர் சறுக்குவது, கரைசலின் மொத்தச் செறிவை மட்டும் பார்த்து செல் வீங்குமா சுருங்குமா என்று முடிவு கட்டுவதில். 0.9 சதவீத சலைனில் சிவப்பணு அப்படியே இருக்கும். அதே மொத்தச் செறிவில் யூரியா கரைசல் எடுத்துப் போட்டால் வீங்கி வெடித்துவிடும். யூரியா சவ்வைக் கடந்து உள்ளே போகும், தண்ணீரும் பின்னாலேயே போகும். ஆகவே, சவ்வைக் கடக்க முடியாத பொருள் எந்தப் பக்கம் அதிகம் என்று கேளுங்கள். 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸும் (குளுக்கோஸ் கரைசல்) பாட்டிலில் இருக்கும்வரை சலைன் மாதிரிதான். உடம்பு குளுக்கோஸை எடுத்துக்கொண்டபின் மிஞ்சுவது வெறும் தண்ணீர்.

ஓ.ஆர்.எஸ். எப்படி வேலை செய்கிறது என்ற கேள்விக்கு, "குளுக்கோஸ் ஏடிபியால் உள்ளே செல்கிறது" என்று எழுதுவார்கள். பாதிதான் சரி. குடலின் உட்பக்கச் சவ்வில் சோடியமும் குளுக்கோஸும் ஒரே கடத்தி வழியாகச் சேர்ந்து நுழைகின்றன. அந்தக் கடத்திக்கு ஏடிபி வேண்டாம். செல்லுக்குள் சோடியத்தைக் குறைவாக வைத்திருப்பது மட்டும்தான், ரத்தப் பக்கச் சவ்வில் இருக்கும் பம்பின் வேலை. உலக சுகாதார நிறுவனத்தின் இப்போதைய கலவையில் சோடியமும் குளுக்கோஸும் லிட்டருக்கு 75 மில்லிமோல் வீதம் சமமாக இருப்பது சும்மா அல்ல. பிள்ளைக்குத் தெம்பு வரட்டும் என்று கூடவே இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்டால், அது குடலுக்குள் தண்ணீரை இழுத்து வயிற்றுப்போக்கைக் கூட்டும்.

சரி, நரம்புக்கு வருவோம். ஓய்வில் இருக்கும் நரம்பு செல்லின் உள்பக்கம் சுமார் மைனஸ் 70 மில்லிவோல்ட். 3 சோடியம் வெளியே, 2 பொட்டாசியம் உள்ளே என்ற கணக்கை மனப்பாடம் செய்தவர்கள், இந்த மைனஸ் அதனால்தான் வருகிறது என்று நினைக்கிறார்கள். பம்ப் நேரடியாகச் சேர்ப்பது சில மில்லிவோல்ட் மட்டுமே. பெரும்பங்கு, பொட்டாசியம் சவ்விலுள்ள தன் கால்வாய்கள் (அயனி போகும் துளைகள்) வழியே வெளியே கசிவதால் வருவது. இது புரியாவிட்டால் அடுத்த தவறும் உறுதி: ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் செல்லின் உள்பக்கம் இன்னும் மைனஸ் ஆகும் என்று எழுதுவீர்கள். நடப்பது நேர்மாறு. வெளியே பொட்டாசியம் கூடக்கூடக் கசிவு குறைந்து, மைனஸும் குறையும்; இதயத் துடிப்பு தாறுமாறாகும். பொட்டாசியம் குளோரைடு ஊசியை நீர்க்காமல் ரத்தக்குழாயில் ஏற்றவே கூடாது என்று வார்டில் அத்தனை கண்டிப்பு இதனால்தான்.

அதைவிடப் பெரிய தவறு, செயல் மின்னழுத்தம் (நரம்பில் ஓடும் மின் துடிப்பு) உச்சிக்கு ஏறியபின் அதைக் கீழே இறக்குவது பம்ப் என்பது. அல்ல, பொட்டாசியம் கால்வாய்கள். மோட்டார் போட்டு டேங்கை நிரப்பிய பிறகு, குழாயைத் திறக்கும்போது மோட்டார் ஓடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ஒரு துடிப்பில் இடம் மாறும் அயனிகள் அவ்வளவு சொற்பம். இதற்கு அழகான சாட்சி ஊசிக்கணவாய். சின்னமுட்டத்திலும் குளச்சலிலும் கூடையில் கிடக்கும் கணவாயின் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு வகையில், சுமார் அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள நரம்பிழை உண்டு. பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் 1952-இல் கால்வாய்களின் கணக்கைப் போட்டது அதை வைத்துத்தான். 1963-இல் நோபல் பரிசு. 1961-இல் பேக்கர், ஹாட்ஜ்கின், ஷா மூவரும் அந்த இழையின் உள்ளடக்கத்தைப் பிதுக்கி எடுத்துவிட்டு, பொட்டாசிய உப்புக் கரைசலை நிரப்பினார்கள். பம்புக்கான ஏடிபி இல்லை. துடிப்புகள் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தன.

தசையில், சுருங்கும்போது உள்ளேயுள்ள புரத நுண்ணிழைகளே குட்டையாகின்றன என்று படம் வரைவது வழக்கமான பிழை. ஆக்டினும் மயோசினும் ஒன்றின்மேல் ஒன்று சறுக்குகின்றன, அவ்வளவுதான்; மயோசின் இருக்கும் A பட்டையின் நீளம் மாறாது. 1954-இல் இதைச் சொன்ன இரு குழுக்களிலும் ஒரு ஹக்ஸ்லி இருந்தார். உறவினர்கள் அல்ல. நரம்பில் வந்தவர் ஆண்ட்ரூ, மற்றவர் ஹியூ. கால்சியத்தையும் குழப்பாதீர்கள்: எலும்புத் தசைக்கு அது செல்லுக்குள்ளே இருக்கும் கிடங்கிலிருந்து வருகிறது, இதயத் தசைக்கு வெளியிலிருந்தும் வர வேண்டும்.

மருந்துவாழ்மலை ஏறி இறங்கிய மறுநாள் தொடை வலிப்பது லாக்டிக் அமிலத்தால் அல்ல. அது ஒன்றிரண்டு மணி நேரத்தில் போய்விடும். வலி, குறிப்பாக இறங்கும்போது தசையிழைகளில் ஏற்படும் நுண்சேதத்தால்.

தசை தளர்வதற்குச் செலவே இல்லை என்று நினைப்பவர்களும் உண்டு. நியாயமாகப் பம்பின் பேரை எழுத வேண்டிய இடம் இது, ஆனால் வேறு பம்ப்: கால்சியத்தைக் கிடங்குக்குத் திருப்பி இறைப்பது. மயோசின் தலை ஆக்டினை விட்டு விலகுவதற்கும் ஏடிபி வேண்டும். செத்த மீன் சில மணி நேரத்தில் விறைப்பது ஏடிபி தீர்ந்துபோவதால். அப்புறம் அது தளர்ந்துவிடுகிறதே என்றால், ஏடிபி திரும்ப வந்து அல்ல, நொதிகள் புரதத்தைச் சிதைப்பதால்.