ஈ.சி.ஜி. படிக்கப் பழகுகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

காரைக்குடிப் பக்கம் அவசரப் பிரிவில் இரவு டியூட்டிக்கு வரும் பயிற்சி மருத்துவர்கள் படிப்பில் யாருக்கும் குறைந்தவர்கள் இல்லை. நெஞ்சு வலி என்று வந்தவருக்குப் பத்து நிமிடத்துக்குள் ஈ.சி.ஜி. எடுத்துவிடுகிறார்கள். சறுக்குவது அதற்கப்புறம்தான்.

தாள் கைக்கு வந்ததும் கண் நேரே, மாரடைப்பைக் காட்டிக்கொடுக்கும் எஸ்.டி. பகுதிக்கு ஓடும். பேரேடு பார்க்கிறவர் பேரையும் தேதியையும் விட்டுவிட்டுத் தொகைக்குப் போவாரா? முதலில் பெயர், நேரம். அப்புறம் தாளின் வேகம் நொடிக்கு 25 மி.மீ. தானா, ஒரு மில்லிவோல்ட்டுக்கு 10 மி.மீ. உயரம் இருக்கிறதா என்று பாருங்கள். யாரோ பாதியாகக் குறைத்து வைத்திருந்தால் அலையெல்லாம் குள்ளமாகத் தெரியும். பிறகு துடிப்பு வேகம், தாளம், பி அலை (இதய மேலறைகளின் மின்துடிப்பு), கியூ.ஆர்.எஸ். (கீழறைகளின் மின்துடிப்பு). எஸ்.டி.யின் முறை கடைசியில்தான்.

லீட் என்பது இதயத்தை ஒரு கோணத்திலிருந்து பார்க்கும் பதிவு. கை, கால் கிளிப்புகளிலிருந்து வரும் லீட் 1 தலைகீழாக, ஏ.வி.ஆர். நிமிர்ந்து, நெஞ்சு லீடுகள் மட்டும் ஒழுங்காக இருந்தால் இதயத்தைச் சந்தேகப்படும் முன் கிளிப்பைப் பாருங்கள். வலது கை ஒயர் இடது கையில் இருக்கும். மெஷின் மேலே அச்சடிக்கும் ‘நார்மல்’ என்ற வார்த்தையை நான் மடித்து மறைத்துவிட்டுத்தான் பயிற்சி மருத்துவர்களிடம் தாளைத் தருவேன்.

ஒரு இரவு கானாடுகாத்தானிலிருந்து ஒரு ஆச்சி வந்தார். பல வருடச் சர்க்கரை. “வாயுதான், ஒரு சோடா குடிச்சா சரியாப் போகும்” என்றார். தாளில் நெஞ்சு லீடுகளான வி1 முதல் வி3 வரை எஸ்.டி. இறங்கியிருந்தது. பயிற்சி மருத்துவர் ‘ரத்த ஓட்டக் குறைவு’ என்று எழுதிவிட்டு அடுத்த படுக்கைக்கு நகர்ந்துவிட்டார். வி2-வில் ஆர் அலை (கியூ.ஆர்.எஸ்.ஸின் மேல்நோக்கிய முனை) உயரமாக நின்றதை அவர் கவனிக்கவில்லை. தாளைத் தலைகீழாக்கி, பின்பக்கமாக டியூப்லைட்டுக்கு நேரே பிடித்துக் காட்டினேன். இறக்கம் ஏற்றமாகிவிட்டது. இதயத்தின் பின்சுவருக்கு ரத்தம் தரும் குழாயில் அடைப்பு இருந்தால் முன்பக்க லீடுகளில் இப்படித்தான் கண்ணாடி பிம்பம் மாதிரி தெரியும். இடது தோள்பட்டை எலும்புக்குக் கீழே, வி6-இன் மட்டத்தில் முதுகுப் பக்க லீடுகளான வி7, வி8, வி9 ஒட்டினோம்.

“முதுகுலயுமா ஆத்தா எடுப்பீக?”

“ஆமா ஆச்சி, லேசா ஒருச்சாய்ஞ்சு படுங்க.”

பின்சுவர் மாரடைப்பு என்று சொல்ல அங்கே அரை மி.மீ. எஸ்.டி. ஏற்றமே போதும். ஆச்சிக்கு அதற்கு மேலேயே இருந்தது.

இதயத்தின் கீழ்ச்சுவரைப் பார்க்கும் லீட் 2, 3, ஏ.வி.எஃப்.-இல் ஏற்றம் என்றால், வி4-ஐ நெஞ்சின் வலது பக்கத்தில் ஒட்டியும் எடுங்கள். வலது கீழறை பாதித்திருக்கும்போது ரத்தக் குழாயை விரிக்கும் நைட்ரேட் மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்தால் ரத்த அழுத்தம் சட்டென்று விழும். டயாலிசிஸ் தவறவிட்டவரின் டி அலை (கியூ.ஆர்.எஸ்.ஸுக்கு அடுத்து வருவது) கூரான கூடாரம் மாதிரி நின்று, கியூ.ஆர்.எஸ். அகலமாகிவிட்டதா? ரத்தத்தில் பொட்டாசியம் ஏறியதன் அடையாளம் அது; ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்காமல் கால்சியத்தைத் தொடங்குங்கள்.

எனக்கு ரொம்பப் பயம் தருவது ஒன்று உண்டு: முதல் ஈ.சி.ஜி. சரியாக இருக்கிறது என்று அனுப்பிவிடுவது. வலி தொடர்ந்தால் கால் மணி, அரை மணியில் மறுபடி எடுங்கள், அதே புள்ளிகளில் ஒட்டி. பழைய தாள் இருக்கிறதா என்று கூட வந்தவரிடம் கேளுங்கள். பெரும்பாலும் மஞ்சப்பையில் இருக்கும், ஆனால் தெர்மல் தாள் என்பதால் வெளுத்துப் போயிருக்கும். டிஸ்சார்ஜ் ஆகும்போதே ஒரு ஜெராக்ஸ் எடுத்துக் கையில் கொடுத்து அனுப்பினால் அடுத்த முறை பார்க்கிறவருக்கு உதவும்.