அப்பாவுக்கு மாரடைப்பு வந்த வீட்டில் நாம் செய்யும் தவறுகள்

2021 அக்டோபர் 29 அன்று கன்னட நடிகர் புனித் ராஜ்குமார் 46 வயதில் மாரடைப்பால் இறந்ததும் ஜெயதேவா இதய மருத்துவமனையில் பரிசோதனைக்கு எப்படிக் கூட்டம் குவிந்தது என்று பெங்களூர்க்காரர்களுக்கு நினைவிருக்கும். அந்தப் பயம் நல்லதுதான். ஆனால் ஈசிஜி நார்மல் என்றதும் அது அடங்கிவிடுகிறது பாருங்கள், தவறு அங்கேதான் தொடங்குகிறது. அந்த நேரத்தில் இதயம் எப்படித் துடிக்கிறது என்பதைத்தான் ஈசிஜி காட்டும், ரத்தக்குழாயில் வருடக்கணக்கில் படிந்துவரும் கொழுப்பைக் காட்டாது.

குடும்பத்தில் யாருக்கு, எந்த வயதில் வந்தது என்று கேட்டு வைக்காதது அடுத்தது. அப்பா, அண்ணன் தம்பிக்கு 55 வயதுக்கு முன்போ, அம்மா, அக்கா தங்கைக்கு 65க்கு முன்போ இதய நோய் வந்திருந்தால் மருத்துவர்கள் அதைத் தனியாகக் கணக்கில் எடுப்பார்கள். "பெரியப்பா திடீர்னு போயிட்டாரு" என்பது போதாது, 80இல் போனாரா 48இல் போனாரா என்று ஊருக்குப் போகும்போது பெரியவர்களிடம் கேளுங்கள். அம்மா வழியையும் சேர்த்து.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது மறைப்பதுதான். வீட்டில் கல்யாணப் பேச்சு நடந்தால் போதும், இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் என்னும் சிறு வலைக்குழாய் வைத்த விஷயம் வெளியே வராது. பிறவியிலேயே எல்டிஎல் எனும் கெட்ட கொலஸ்ட்ரால் ஏறியிருக்கும் பரம்பரைக் கோளாறு சுமார் 250 பேரில் ஒருவருக்கு உண்டு. எல்டிஎல் 190 mg/dL அளவைத் தாண்டினால் அதைச் சந்தேகிக்க வேண்டும். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. மாமன் மகள், அக்கா மகள் என்று சொந்தத்திலேயே கட்டி, இருவரிடமும் அதே மரபணு இருந்துவிட்டால், பிள்ளைக்கு அது இரட்டிப்பாகச் சேர நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. அந்தப் பிள்ளைகளுக்குச் சிகிச்சை இல்லாவிட்டால் பதின்வயதிலேயே மாரடைப்பு வரலாம். அதனால் உங்கள் ரிப்போர்ட்டை ஒளித்து வைக்காமல் கூடப்பிறந்தவர்களிடம் சொல்லுங்கள், பிள்ளைகளுக்கும் ரத்தம் பார்த்துவிடுங்கள்.

ஒல்லி, சைவம், தினமும் கப்பன் பார்க்கில் நடை, அப்புறம் எனக்கென்ன என்பவர்கள் உண்டு. ரத்தத்தில் லிப்போபுரோட்டீன் ஏ என்று ஒரு கொழுப்புத் துகள் இருக்கிறது, அது அதிகமானால் இதய நோய் ஆபத்தும் கூடும். அதன் அளவைப் பெரும்பாலும் மரபணுதான் முடிவு செய்கிறது, சாப்பாடோ நடையோ அதை அவ்வளவாக அசைக்காது. வழக்கமான லிப்பிட் புரொஃபைல் எனும் கொலஸ்ட்ரால் பரிசோதனையில் அது வராது, தனியாகக் கேட்டு எடுக்க வேண்டும், பெரும்பாலோருக்கு வாழ்நாளில் ஒரு முறை போதும். அதற்காக "எல்லாம் தலையெழுத்து" என்று நடையை விட்டுவிடுவதும் தவறு. மரபணு ஆபத்து அதிகம் உள்ளவர்களிலேயே புகை இல்லாமல், எடை ஏறாமல், ஓரளவு உடற்பயிற்சியோடு இருந்தவர்களுக்கு ஆபத்து கிட்டத்தட்ட பாதியாக இருந்ததை 2016இல் வந்த ஆய்வு ஒன்று காட்டியது.

ரிப்போர்ட் நார்மல் ஆனதும் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையை நிறுத்தும் தவறைப் பற்றி எத்தனை முறை சொன்னாலும் தகும். அது நார்மல் ஆனதே மாத்திரையால்தான், நிறுத்தினால் சில வாரங்களில் பழைய இடத்துக்கே போய்விடும். தசைவலி வந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள், அளவையோ மருந்தையோ மாற்றித் தருவார். கருத்தரிக்கத் திட்டமிடும் பெண்கள் இந்த மாத்திரை பற்றி மருத்துவரிடம் முன்கூட்டியே பேசிவிட வேண்டும்.

நெஞ்சில் அழுத்தம், வியர்வை, தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, மூச்சுத் திணறல் வந்தால் கேஸ் என்று சோடா குடித்துவிட்டு உட்காராதீர்கள். பெங்களூர் டிராஃபிக்கில் நீங்களே வண்டி ஓட்டிப் போகவும் வேண்டாம், 108ஐ அழையுங்கள். மருத்துவமனைக்குள் நுழைந்ததும் "எங்க அப்பாவுக்கு இந்த வயசுல அட்டாக் வந்திருக்கு" என்பதை முதலில் சொல்லுங்கள்.